ஆயர் ஹீத்தாமுக்கு முன் பதினொரு நிமிடம்

ஐபேட் திரை கறுத்தபோது மணி 10:09. கறுப்புத் திரையின் நடுவில் ஒரு வெப்பமானிப் படம், அதன் கீழே கருவி சூடு ஆறினால்தான் மறுபடி வேலை செய்யும் என்று ஒரு வரி. அவ்வளவுதான். அதுவரை அதில் ஓடிக்கொண்டிருந்த வரைபடமும், நாங்கள் போக வேண்டிய பாதையைக் காட்டிய மெஜந்தா கோடும், அதன்மேல் நகர்ந்த குட்டி விமானமும் ஒரே நொடியில் போய்விட்டன.

சிங்கப்பூரின் சிலேத்தார் விமான நிலையத்திலிருந்து 9:48க்குக் கிளம்பியிருந்தோம். வாடகைக்கு எடுத்த பழைய செஸ்னா 172, நாலு இருக்கைச் சின்ன விமானம். மலாக்காவுக்குப் போய் மதியச் சாப்பாடு, சாயங்காலத்துக்குள் திரும்பி வருவது. சிங்கப்பூரில் தனியார் விமானி உரிமம் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய பயணம். நேர்க்கோட்டில் கிட்டத்தட்ட 109 கடல் மைல், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். பக்கத்து இருக்கையில் என் மச்சினன். சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரி, விடுமுறைக்கு வந்திருந்தான். சின்ன விமானத்தில் உட்காருவது அவனுக்கு அதுதான் முதல் தடவை.

ஜோகூர் நீரிணையைத் தாண்டி, உச்சியில் கோபுரங்கள் நிற்கும் புலாய் மலையைக் கடந்தவரைக்கும் எல்லாம் சரி. அதற்கப்புறம் கீழே செம்பனைத் தோட்டம்தான். மேலிருந்து பார்த்தால் பச்சைக் கம்பளத்தில் கோடு போட்ட மாதிரி ஒரே வரிசை, ஒரே நிறம். எந்தத் தோட்டம் எதுவென்று சொல்லவே முடியாது. ஜூலை கடைசி, லேசான புகைமூட்டம் வேறு. காட்சித் தூரம் பத்து கிலோமீட்டர் என்று வானிலை அறிக்கை சொன்னது. கண்ணுக்கு அதைவிடக் குறைவாகத்தான் பட்டது. மலாக்கா நீரிணைக் கடற்கரை இடது பக்கம் ஏழெட்டு மைல் தள்ளி எங்கேயோ இருந்தது, தெரியவில்லை.

திரை அணைந்ததும் நான் கேட்காமலே மச்சினன் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சொன்னான். கப்பல் பழக்கம். அடுத்து அவன் கேட்ட கேள்விதான் இன்று வரைக்கும் என் காதில் நிற்கிறது.

"அத்தான், கடைசியா எப்பப் பொசிஷன் போட்டீங்க?"

என்னிடம் பதில் இல்லை. புலாய் மலையைத் தாண்டிய நேரத்தை நான் எழுதவில்லை. எழுதத் தேவையே தோன்றவில்லை, திரையில்தான் நாங்கள் எங்கே இருக்கிறோம் என்பது எந்நேரமும் தெரிந்ததே. அதைவிட மோசம், நான் எந்தத் திசைகாட்டி எண்ணைப் பிடித்து ஓட்டிக்கொண்டிருந்தேன் என்பதும் எனக்கு நினைவில்லை. கோட்டிலிருந்து விலகினால் கொஞ்சம் திருப்புவது, மறுபடி ஒட்டிக்கொள்வது, இப்படியே இருபது நிமிடம் ஓடியிருந்தது. தென்மேற்குக் காற்று எங்களை வலப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. அதைச் சரிக்கட்ட என் கை தானாகவே மூக்கை இடப்பக்கம் வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்தக் கணக்கு என் தலைக்குள் ஏறவே இல்லை. திட்டத் தாளில் 298 டிகிரி என்று எழுதியிருந்தது. திரை போனதும் நான் செய்த முதல் காரியம், விமானத்தை 298க்குத் திருப்பியது. காற்றுக்கான திருத்தம் அதோடு போயிற்று.

சரி, மாற்று ஏற்பாடு ஒன்று இருந்ததே, கைத்தொலைபேசி. அதே செயலி அதிலும் இருந்தது. திறந்தேன். வெள்ளைப் பின்னணியில் ஒரு சின்ன விமானம் மட்டும். படமே இல்லை. தொலைபேசியில் சிங்கப்பூர்ப் பகுதியை மட்டும்தான் இறக்கி வைத்திருந்தேன். மீதியை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் என்று நினைத்திருக்கிறேன் போலிருக்கிறது. ஜோகூர் தோட்டங்களுக்கு மேலே 3,500 அடியில் அந்த நினைப்பு உதவவில்லை.

காகித வரைபடம்? இருந்தது. பின்னிருக்கையில், பைக்குள், பயிற்சிக் காலத்தில் வாங்கியபோது மடித்த மடிப்பிலேயே. அதில் அன்றைய பாதைக்கு ஒரு கோடு கூட இல்லை. மச்சினன் திரும்பி எட்டி எடுத்தான். விரித்தபோது அது கண்ணாடியையும் கருவிப் பலகையில் பாதியையும் மூடியது. அவனே அதை வாங்கித் தன் தொடைமேல் நாலாக மடித்து, ஜோகூர் மேலே வரும்படி வைத்துக்கொண்டான்.

அடுத்த சில நிமிடங்கள் நான் உயரத்தையும் 298ஐயும் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். அவன் வெளியே பார்த்தான். 10:16க்கு, "வலது பக்கம் பெரிய ரோடு ஒண்ணு தெரியுது" என்றான். எட்டிப் பார்த்தேன். புகைக்குள்ளே ஒரு நீண்ட வெளிர்க்கோடு, அதில் லாரிகள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை. நாங்கள் போக வேண்டிய பாதையிலிருந்து அது ஏழு மைல் வலப்பக்கம். அன்றைய காட்சித் தூரத்துக்கு அது என் கண்ணில் படவே கூடாது. பட்டது என்றால் நாங்கள் வலப்பக்கம் ஒதுங்கிவிட்டோம் என்று அர்த்தம். காற்றும் அந்தப் பக்கம்தான் தள்ளும். இரண்டும் பொருந்தின.

நெடுஞ்சாலையை நோக்கிக் கொஞ்சம் திரும்பினேன். இதற்குள் மச்சினன் இன்னொரு வேலை செய்திருந்தான். என் தொலைபேசியில் திசைகாட்டிச் செயலியைத் திறந்திருக்கிறான். அதன் அடியில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் எழுத்தில் வரும், அதற்கு இணையம் வேண்டாம். அந்த இரண்டு எண்களையும் வாசித்து, வரைபடத்தின் ஓரத்து அளவுகளில் விரல் வைத்து, இரண்டு விரலும் சந்திக்கும் இடத்தைக் காட்டினான். ஆயர் ஹீத்தாமுக்குச் சற்றுத் தெற்கே. நாலு நிமிடத்தில், 10:20க்கு, நெடுஞ்சாலைச் சந்திப்பு எங்கள் இறக்கைக்குக் கீழே வந்தது. கோலாலம்பூர்ப் பேருந்தில் போன சிங்கப்பூர்க்காரர்கள் பலருக்கும் தெரிந்த ஊர். பேருந்து நின்று, சாப்பிட்டு, பீங்கான் கடைகளை வேடிக்கை பார்த்த இடம். அதை மேலிருந்து பார்த்தபோது நெஞ்சில் இருந்த இறுக்கம் தளர்ந்தது. அங்கிருந்து மேற்கே போகும் சாலையைப் பிடித்தால் பத்து பகாட் ஆறு, அதன் முகத்துவாரம், அப்புறம் கடற்கரையோடே மூவார், மலாக்கா. தவறவே முடியாத பாதை.

ஆபத்து என்று எதுவும் நடக்கவில்லை. எரிபொருள் தாராளமாக இருந்தது. ரேடியோவில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கட்டுப்பாட்டாளர் எங்கள் இடத்தைச் சொல்லியிருப்பார், ராடாருக்கு எங்களை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் கேட்கவில்லை. கூச்சம். அதை இப்போது வெளிப்படையாக எழுதுகிறேன், ஏனென்றால் புதிதாக உரிமம் எடுத்தவர்கள் பலர் இதே கூச்சத்தோடு பறக்கிறார்கள். இடம் சந்தேகமாக இருந்தால் முதல் நிமிடத்திலேயே கேளுங்கள். கட்டுப்பாட்டாளருக்கு அது ஒரு வாக்கியம். பக்கத்து வான்வெளிக்குள் நீங்கள் தெரியாமல் நுழைந்தால், அவருக்கு அன்றைய நாள் முழுக்க வேலை.

மலாக்கா விமான நிலையம் பத்து பெரண்டாமில் இருக்கிறது. இறங்கியதும், சாப்பிடுவதற்கு முன்னாலேயே, மச்சினன் ஒரு கடையில் முப்பது சென்டிமீட்டர் ரூலரும் 2பி பென்சிலும் வாங்கினான். சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து, திரும்பும் பாதைக்குக் கோடு போடச் சொன்னான். நான் போட்டேன். அப்புறம் அவன் கப்பலில் செய்யும் ஒரு கணக்கைக் காட்டினான். ஆறு நிமிடம் என்பது ஒரு மணி நேரத்தில் பத்தில் ஒரு பங்கு. ஆகவே ஆறு நிமிடத்தில் போகும் தூரம், வேகத்தைப் பத்தால் வகுத்தால் கிடைத்துவிடும். கப்பல் 14 நாட், அதாவது மணிக்கு 14 கடல் மைல் என்றால், 1.4 மைல். எங்கள் விமானம் 100 நாட், ஆகவே 10 மைல். 1:500,000 அளவுப் படத்தில் 10 கடல் மைல் என்பது 3.7 சென்டிமீட்டர். கோட்டின்மேல் 3.7 சென்டிமீட்டருக்கு ஒரு குறுக்குக் கீறல். ஒவ்வொரு கீறலும் ஆறு நிமிடம். கால்குலேட்டர் வேண்டாம்.

அந்த மேசையில் அவன் சொன்ன இன்னொரு விஷயம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. பெரிய கப்பல்களில் இப்போது காகித வரைபடம் இல்லாமலே போகலாம். மின்னணு வரைபடக் கருவி 2012இல் தொடங்கிப் படிப்படியாகக் கட்டாயமாயிற்று. ஆனால் காகிதத்தை இறக்கிவைக்க வேண்டுமென்றால், முதல் கருவியைச் சார்ந்திராத மாற்று ஏற்பாடு ஒன்று இருக்க வேண்டும். பெரும்பாலும் அது இரண்டாவது கருவி, அதற்குத் தனி மின்சாரம்.

"ரெண்டும் ஒரே வயர்ல ஓடிச்சுன்னா அது ரெண்டு இல்ல அத்தான், ஒண்ணுதான்" என்றான்.

என் ஏற்பாட்டை அந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தேன். ஐபேட், தொலைபேசி. இரண்டிலும் ஒரே செயலி. ஒரே இரவில் புதுப்பித்தவை. ஒரே சார்ஜர். ஒரே காக்பிட் வெயில். எண்ணிக்கையில் இரண்டு, தோல்வி என்று வந்தால் ஒன்று. காகிதமா மின்னணுவா என்று விமானிகளுக்குள் நடக்கும் விவாதத்தைப் பல வருடமாகக் கேட்டு வருகிறேன். ஒரு பக்கம் பழைய பயிற்சியாளர்கள், மறுபக்கம் இளைஞர்கள். அன்றைக்கு அப்புறம் எனக்கு அந்த விவாதத்தின் கேள்வியே மாறிவிட்டது. கையில் இருப்பவற்றில் எது எதைச் சார்ந்து நிற்கிறது, ஒன்று விழுந்தால் கூடவே எவை விழும், இதை மட்டும்தான் இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

காகிதத்தின் பக்கம் நான் முழுக்கச் சாய்ந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். சிங்கப்பூரில் டேப்லெட் இல்லாமல் கிளம்ப எனக்கு மனம் வராது. சின்ன நாட்டுக்கு மேலே சாங்கி, பாய லேபார், தெங்கா, செம்பவாங் என்று நாலு விமானத் தளங்களின் வான்வெளி நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கிறது. 100 நாட் வேகத்தில் ஒரு நிமிடத்துக்கு மூன்று கிலோமீட்டர் போகிறோம். இரண்டு நிமிடம் கவனம் பிசகினால் இன்னொருவருடைய இடத்தில் இருப்போம். அங்கே நகரும் வரைபடம் ஒரு பெரிய காவல். பழைய பயிற்சியாளர்கள் சிலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஆனால் எனக்குச் சந்தேகமே இல்லை.

காகிதம் பழையதாகிவிடும் என்பதும் உண்மை. வான்வெளித் தகவல்கள் உலகம் முழுக்க 28 நாள் சுழற்சியில் மாறுகின்றன. செயலி இரவோடு இரவாகப் புதுப்பித்துவிடும், அச்சடித்த படம் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். நம் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு: கடற்கரையே மாறுகிறது. சிங்கப்பூரின் துவாஸில் கடலைத் தூர்த்துத் துறைமுகம் கட்டுகிறார்கள். மலேசியாவுக்குப் போகும் இரண்டாம் பாலத்துக்குப் பக்கத்தில் ஜோகூர் கரையோரம் ஃபாரஸ்ட் சிட்டி என்ற புது நகரத்துக்காகத் தீவே உண்டாக்கியிருக்கிறார்கள். என் பயிற்சிக் காலப் படத்தில் அந்த இடங்களெல்லாம் வெறும் நீலம். கீழே நிலத்தையும் கட்டடத்தையும் பார்த்துவிட்டுப் படத்தில் தேடும் மாணவன் குழம்பித்தான் போவான். அதனால் என் காகிதத்தில் இப்போது புதுக் கரைகளைப் பென்சிலால் நானே வரைந்து வைத்திருக்கிறேன். ரேடியோ அலைவரிசைகளைக் காகிதத்திலிருந்து எடுப்பதே இல்லை. அதற்கு அன்றைய வெளியீடும், விமானிகளுக்கான அறிவிப்பான நோட்டாமும்தான்.

ஐபேட் ஏன் அணைந்தது என்பதை வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தேன். அதன் தயாரிப்பாளரே சொல்லும் இயங்கு வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி வரை. சிலேத்தாரில் ஓடுபாதைக்குப் போகும் முன் அனுமதிக்காக வெயிலில் காத்திருந்தோம். கதவை மூடிய செஸ்னாவுக்குள் 35 டிகிரியைத் தாண்டுவதற்குப் பத்து நிமிடம் கூட வேண்டாம். திரை வெளிச்சம் முழுசாக வைத்திருந்தேன், அது ஒரு சூடு. பேட்டரி குறையக் கூடாது என்று சார்ஜரும் போட்டிருந்தேன், அது இன்னொரு சூடு. முதுகுப் பக்கம் காற்றுப் புகாத தடிமனான உறை வேறு. மேலே ஏறியதும் குளிர்ந்துவிடும் என்று இருந்துவிட்டேன். 3,500 அடியில் வெளிக்காற்று ஆறேழு டிகிரி குறையும், உண்மைதான், ஆனால் கண்ணாடி வழியாக வரும் வெயில் அப்படியேதான் இருக்கும்.

இப்போது உறையைக் கழற்றிவிட்டுத்தான் மாட்டுகிறேன். வீட்டிலேயே முழுக்கச் சார்ஜ் ஏற்றி, பறக்கும்போது பாதிக்குக் கீழே வந்தால் மட்டும் செருகுகிறேன். தரையில் காத்திருக்கும்போது இருக்கைக்கு அடியில் நிழலில் வைத்துவிட்டு, ஓடுபாதையில் ஏறுவதற்கு முன் மாட்டுவேன். செஸ்னாவின் புதுக்காற்றுக் குழாயைக் கருவியின் முதுகைப் பார்த்துத் திருப்பி வைப்பது சின்ன விஷயம், பெரிய பலன்.

புதிதாக ஐபேட் வாங்குபவர்களுக்கு ஒன்று. வைஃபை மட்டும் உள்ள மாடலில் ஜிபிஎஸ் கிடையாது. சிம் போடும் வசதியுள்ள மாடலில்தான் உண்டு. சிம் போட வேண்டிய அவசியமில்லை, அந்த மாடலாக இருந்தால் போதும். இது தெரியாமல் விலை குறைவு என்று வாங்கிவிட்டு, வீட்டில் வைஃபையை வைத்து இடம் சரியாகக் காட்டுகிறதே என்று நம்பிக் கிளம்பியவர்கள் உண்டு. தனி ஜிபிஎஸ் கருவி ஒன்றை ப்ளூடூத்தில் இணைத்தும் சரிசெய்யலாம். அப்புறம், கிளம்புவதற்கு முந்தைய இரவு விமானப் பயன்முறையில் போட்டு, பாதை முழுவதையும் பெரிதாக்கிப் பாருங்கள். எங்காவது வெள்ளைக் கட்டம் வந்தால் அந்தப் பகுதி இறங்கவில்லை. என் தொலைபேசியை அப்படி ஒரு தடவை பார்த்திருந்தால் போதும்.

பெரிதாக்குவதிலும் சிறிதாக்குவதிலும் ஒரு பொறி இருக்கிறது. செயலிகள் திரை நெரிசலைக் குறைப்பதற்காக, சிறிதாக்கும்போது சில பெயர்களையும் உயர வரம்புகளையும் மறைத்துவிடும். பாதை முழுதும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும் என்று சிறிதாக்கிவைத்துப் பறந்தால், இந்த எல்லை எத்தனை அடியில் தொடங்குகிறது என்ற எண் கண்ணிலேயே படாது. காகிதத்தில் அந்த எண் எப்போதும் அச்சில் இருக்கும். பெரிதாக்கினால் வேறு பிரச்சினை, அடுத்த ஐந்து மைல் தெரியும், ஐம்பதாவது மைலில் இருக்கும் மலை தெரியாது.

ஜிபிஎஸ் சமிக்ஞையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தச் செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேல் சுமார் 20,200 கிலோமீட்டரில் சுற்றுகின்றன. அங்கிருந்து வந்து சேரும் சமிக்ஞை மிக மெலிசு, சின்னக் கருவியாலும் அதை அமுக்கிவிட முடியும். பால்டிக் கடலோரத்திலும் கிழக்கு மத்தியதரைக் கடல் பகுதியிலும் பயணிகள் விமானங்களே இதைச் சந்திக்கின்றன. சமிக்ஞை இல்லாமல் போவதுகூடப் பரவாயில்லை, கருவி சொல்லிவிடும். பொய்ச் சமிக்ஞை வந்தால் கருவி தவறான இடத்தை அதே நம்பிக்கையோடு காட்டும். ஐபேட்டும் தொலைபேசியும் விமானத்தில் பொருத்திய ஜிபிஎஸும் மூன்றும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்லக்கூடும். மச்சினன் சொன்ன ஒரே வயர் இங்கே வானத்திலிருந்து வருகிறது. அதைச் சாராமல் நிற்பவை மூன்று: திசைகாட்டியும் கடிகாரமும் சேர்ந்த கணக்கு, ரேடியோ கலங்கரையான விஓஆர், ஜன்னலுக்கு வெளியே தெரியும் நிலம்.

இந்த மூன்றில் முதலாவதற்கு நம் ஊரில் ஒரு சௌகரியம் உண்டு. சிங்கப்பூரில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வித்தியாசம் கிட்டத்தட்டப் பூஜ்யம். படத்தில் கோட்டின் கோணத்தை அளந்தால் அதையே திசைகாட்டியில் பிடிக்கலாம். ஆனால் இங்கேயே பழகியவர்கள் வேறு நாட்டில் வாடகை விமானம் எடுக்கும்போது இதை மறந்துவிடுகிறார்கள். சிட்னியில் அந்த வித்தியாசம் 12 டிகிரிக்கு மேல். அறுபது மைல் போனால் ஒரு டிகிரிக்கு ஒரு மைல் விலகும் என்பது நமக்கு மனப்பாடமான கணக்கு. 12 டிகிரிக்கு 12 மைலுக்கும் மேல்.

அன்று மாலை திரும்பும்போது ஐபேட் ஆறிப்போய் நன்றாக வேலை செய்தது. இருந்தும் மச்சினன் அதைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டான். நான் காகிதத்தில் ஓட்டினேன், அவன் திரையில் சரிபார்த்தான். மூவார் ஆற்றைக் கடந்த நேரத்தை எழுதினேன், எதிர்பார்த்ததைவிட ஒரு நிமிடம் தாமதம். பத்து பகாட்டுக்குப் பக்கத்தில் தனியாக நிற்கும் பானாங் மலை, வர வேண்டிய பக்கத்தில் வந்தது. ஆயர் ஹீத்தாம் பக்கம் போகவே இல்லை. புலாய் மலைக் கோபுரங்கள் தெரிந்தபோது காகிதக் கணக்குக்கும் திரைக்கும் ஒரு மைல்தான் வித்தியாசம் என்றான். காலையில் இருபது நிமிடம் பறந்தும் எனக்குத் தெரியாமல் இருந்த காற்று, மாலையில் பத்தே நிமிடத்தில் பிடிபட்டது. எட்டு டிகிரித் திருத்தம் வேண்டியிருந்தது. அந்த எண் என் கைப்பட எழுதியது, இன்னும் அந்தப் படத்தின் ஓரத்தில் இருக்கிறது.

முழுப் படத்தை இப்போது நான் காக்பிட்டுக்குள் விரிப்பதில்லை. பாதைக்கு இரண்டு பக்கமும் பதினைந்து மைல் வரும்படி நகல் எடுத்து, நீளவாக்கில் பட்டையாக வெட்டி, தொடையில் கட்டும் பலகையில் செருகிக்கொள்கிறேன். பிராஸ் பாசா வளாகத்தில் வாங்கிய மெழுகுப் பென்சில், ஒரு சின்ன ரூலர். பட்டையின் இடது ஓரத்தில் திட்டமிட்ட நேரம், வலது ஓரத்தில் உண்மையில் கடந்த நேரம். இரண்டு ஓரத்துக்கும் பக்கத்தில் "வேலி" என்று எழுதுவேன்: இடப்பக்கம் கடற்கரை, வலப்பக்கம் நெடுஞ்சாலை. எது கண்ணில் பட்டாலும் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறேன் என்று யோசிக்காமலே தெரிந்துவிடும். ஆறு நிமிடத்துக்கு ஒரு தடவை கடிகாரம், பிடித்திருக்கும் திசை எண், வெளியே ஒரு அடையாளம். அதற்கப்புறம்தான் திரை. இந்த வரிசையை மாற்ற மாட்டேன். திரையை முதலில் பார்த்துவிட்டால் வெளியே தெரிவதைக் கண் அதற்கேற்ப வளைத்துக்கொள்கிறது. எந்த ஆற்றைப் பார்த்தாலும் திரை சொன்ன ஆறாகவே தெரியும்.

இதைத் தயாரிக்க எனக்கு நாற்பது நிமிடம் ஆகிறது. செயலியில் இரண்டு இடங்களைத் தொட்டால் ஒரு நிமிடத்தில் பாதை வந்துவிடும் என்பது தெரியும். அந்த நாற்பது நிமிடத்தைப் பெரும்பாலும் பறப்பதற்கு முந்தைய நாள் சாயங்காலம், சிலேத்தாருக்குப் பக்கத்தில் ஜாலான் காயு பரோட்டா கடை மேசையில் செலவிடுகிறேன். கோடு போடும்போது பென்சில் ஒவ்வொரு மலையையும் ஆற்றையும் தாண்டித்தான் போகிறது. மறுநாள் மேலே போகும்போது அந்த இடங்களுக்கு ஏற்கெனவே ஒரு தடவை போய்வந்த மாதிரி இருக்கும்.

மச்சினன் அடுத்த மாதம் மறுபடி விடுமுறையில் வருகிறான். இந்த முறை தியோமான் தீவு. 86 மைல், பின்பாதி பெரும்பாலும் கடல். அங்கே பிடித்துக்கொள்ள நெடுஞ்சாலை கிடையாது. பட்டையை வெட்டிவிட்டேன். 49ஆவது மைலில் சிபு தீவு, 55இல் திங்கி தீவு, இரண்டும் பாதைக்குப் பக்கத்திலேயே. திங்கிக்கு அப்புறம் தியோமான் வரைக்கும் முப்பது மைல் தண்ணீர்தான். அங்கே மூன்று கீறல் போட வேண்டிய இடத்தில் ஒன்று போட்டிருக்கிறேன். மீதி இரண்டை அவனே போடுவான்.